கடலில் நின்றுபோன அவுட்போர்டு எஞ்சின்: எங்கிருந்து தொடங்குவது?

காசிமேடு, திருவொற்றியூர் குப்பம், எண்ணூர் பக்கம் ஃபைபர் போட்டில் புதிதாக எஞ்சின் பிடிக்கிறவர்களுக்காக எழுதியது இது. 8 முதல் 15 குதிரைத்திறன் வரையுள்ள, கயிறு இழுத்துக் கிளப்பும், இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் அவுட்போர்டு எஞ்சினைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். நீள்வால் டீசல் எஞ்சின் வேறு கதை.

எஞ்சின் நின்றால் கரையில் நிற்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர் "கார்பரேட்டரைக் கழட்டு" என்பார்கள். கழற்றாதீர்கள். அது எப்படி நின்றது என்பதை முதலில் நினைவுக்குக் கொண்டு வாருங்கள். ஸ்விட்சை அணைத்தாற்போல் பட்டென்று நின்றதா? மூச்சு வாங்கித் திணறி நின்றதா? சூடேறி, சத்தம் மாறி, இறுகி நின்றதா? எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்து போட் மட்டும் நகராமல் போனதா? நான்குக்கும் நான்கு வேறு இடங்களில் கோளாறு. இதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். மெக்கானிக்கிடம் கொடுக்கும்போதும் அவர் முதலில் கேட்பது இதைத்தான்.

மூடியைத் திறப்பதற்கு முன்

முதலில் நங்கூரம் போடுங்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரையோரத்தில் பல இடங்களில் கருங்கல் அலைதடுப்பும் தூண்டில் வளைவும்தான். மணல் கரை என்று நம்பி ஒதுங்க முடியாது. வாடைக் காற்றில் எஞ்சின் இல்லாத போட் கல்மேல் போய் மோத அதிக நேரம் ஆகாது. சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று கப்பல் வந்து போகும் வழிகளும் அருகிலேயே இருக்கின்றன. அந்த வழியில் மிதந்துகொண்டு பிளக் கழற்றுவது உயிரோடு விளையாடுவது. நங்கூரக் கயிறு ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது இருந்தால்தான் பிடிக்கும். நிலைமை கைமீறுகிறது என்று தோன்றினால் வெட்கப்படாமல் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்களுக்கு அழையுங்கள்.

நங்கூரம் பிடித்த பிறகு, ஸ்பேனரைத் தொடாமல் நான்கு இடங்களைப் பாருங்கள். நிறுத்த பட்டனோடு சேர்ந்த சிவப்புக் கயிற்றின் கிளிப் இடத்தில் இருக்கிறதா? வலை இழுக்கும் அவசரத்தில் கையோ காலோ பட்டுக் கழன்றிருக்கலாம். பெட்ரோல் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? பெட்ரோல் குழாயான ஓஸின் இரு முனைகளும் கிளிக் என்று உட்கார்ந்திருக்கின்றனவா? கியர் நியூட்ரலில் இருக்கிறதா? கிளம்பிக் கால் மணி நேரத்தில் நிற்கிற எஞ்சின்களில் கணிசமானவை இந்தக் காற்றுத் திருகால் நிற்பவை. டேங்குக்குள் காற்று போக வழி இல்லாவிட்டால் பெட்ரோல் வெளியே வராது. திருகைத் திறந்ததும் உஸ் என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் விடை கிடைத்துவிட்டது.

திணறி நின்றால்: பெட்ரோல் வழி

ஓஸின் நடுவில் உள்ள ரப்பர் குமிழை அழுத்துங்கள். அதன்மேல் உள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்த்திருக்க வேண்டும். குமிழை நிமிர்த்தி, அம்பு மேலே பார்க்கும்படி பிடித்து அழுத்தினால் ஏழெட்டு அழுத்தத்தில் கல் மாதிரி இறுகும். எவ்வளவு அழுத்தியும் இறுகவில்லை என்றால் டேங்கில் பெட்ரோல் இல்லை, அல்லது வழியில் எங்கோ காற்று இழுக்கிறது. பெரும்பாலும் ஓஸ் முனையிலுள்ள சின்ன ஓ-ரிங் வெடித்திருக்கும். அழுத்தியவுடன் தட்டையாகி, மறுபடி ஊதாமல் அப்படியே நின்றால் டேங்க் பக்கம் அடைப்பு. இறுகிய குமிழ் சில நிமிடங்களில் தானாகத் தளர்ந்தால் அதன் உள் வால்வு பழுது, அல்லது கார்பரேட்டரின் மிதவை ஊசி மூடாமல் பெட்ரோல் வழிகிறது. பிந்தையதாக இருந்தால் எஞ்சின் மூடிக்குள் பெட்ரோல் வாடை தூக்கலாக வரும். அந்த நேரத்தில் போட்டில் பீடி, சிகரெட் கூடாது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே திணற ஆரம்பித்தால் ஒரு நல்ல சோதனை உண்டு. ஒருவர் எஞ்சினைப் பிடிக்க, இன்னொருவர் குமிழை விடாமல் அழுத்தட்டும். அழுத்தும்வரை நன்றாக ஓடி, விட்டால் திணறினால் எஞ்சினிலுள்ள பெட்ரோல் பம்ப் வேலை செய்யவில்லை, அல்லது பம்ப் இழுக்கும்போது வழியில் காற்று புகுகிறது. அந்தப் பம்புக்குள் மெல்லிய டயாஃப்ரம் ஒன்று இருக்கிறது. கிராங்க் அறையின் அழுத்தம் ஏறி இறங்குவதால் அது துடித்துப் பெட்ரோலை இழுக்கும். அது கிழிந்தால் பெட்ரோல் நேராக ஒரு சிலிண்டருக்குள் போய்விடும். ஒரு பிளக் மட்டும் எப்போதும் நனைந்தே வந்தால் இதைச் சந்தேகியுங்கள். டயாஃப்ரமும் கேஸ்கட்டும் செட்டாகக் கிடைக்கும். ஒன்றை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்காதீர்கள். இதேபோல் குமிழை அழுத்திக்கொண்டே கரை வந்து சேரவும் முடியும்.

பெட்ரோலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். கடல் காற்றில், பாதி காலியான கேனில் வாரக்கணக்கில் கிடந்தால் ஈரத்தைக் குடிக்கும். அலை அடித்து டேங்கில் தண்ணீர் புகுந்தால் இன்னும் மோசம். ஓர் அளவுக்கு மேல் போனதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். டேங்கின் உறிஞ்சு குழாய் இருப்பதும் அந்த அடியில்தான். எஞ்சின் முதலில் குடிப்பது அந்தக் கலவையையே. அதில் டூ ஸ்ட்ரோக் எண்ணெயும் சரியாகக் கரைந்திருக்காது. ஆகவே இது வெறும் திணறலோடு போகாது, பிஸ்டனையும் உரசிவிடும்.

சந்தேகம் வந்தால் கண்ணாடி பாட்டிலில் டேங்க் அடிப் பெட்ரோலை 100 மி.லி. எடுத்துக் கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு படலம் தெரிந்தால் அந்த டேங்கை முழுதும் வடித்துவிட வேண்டும். மேலே இருப்பதை மட்டும் எடுத்து ஓட்டலாம் என்பது தவறு. எத்தனால் பிரிந்த பெட்ரோலின் தரமும் இறங்கியிருக்கும். வாங்கிய பெட்ரோலை ஒரு மாதத்துக்குமேல் வைக்காதீர்கள். ஓஸ், குமிழ் இவற்றின் ரப்பரும் பழையதாக இருந்தால் எத்தனாலில் ஊதி உரியும். உரிந்த துணுக்குதான் கார்பரேட்டரில் பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட்டை அடைக்கும்.

எண்ணெய்க் கலவை: பழகிய எஞ்சினுக்கு 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மி.லி. 24 லிட்டர் டேங்க் என்றால் 480 மி.லி. புது எஞ்சினுக்கோ, பிஸ்டன் ரிங் மாற்றியதற்கோ முதல் 10 மணி நேரம் 25-க்கு 1, லிட்டருக்கு 40 மி.லி. உங்கள் எஞ்சின் புத்தகம் வேறு அளவு சொன்னால் புத்தகத்தைப் பின்பற்றுங்கள். டப்பாவில் டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று போட்டிருக்க வேண்டும். பைக்குக்கு வாங்கும் டூடி (2T) எண்ணெய் காற்றால் குளிரும், அதிகச் சூட்டில் ஓடும் எஞ்சினுக்கானது. தண்ணீரால் குளிரும் எஞ்சினில் அது சாம்பல் கட்டி ரிங்கை ஒட்டவைக்கும். விலை வித்தியாசத்தைப் பார்த்து இதில் சமரசம் செய்தவர்கள் பிஸ்டனுக்குத்தான் செலவழிக்கிறார்கள். கலக்கும்போது முதலில் கொஞ்சம் பெட்ரோல், பிறகு எண்ணெய், குலுக்கல், பிறகு மீதிப் பெட்ரோல். காலி டேங்கில் எண்ணெயை முதலில் ஊற்றினால் அடியிலேயே ஒட்டிக் கிடக்கும்.

இத்தனையும் சரியாக இருந்து, இன்னும் திணறினால்தான் கார்பரேட்டர். சோக் இழுத்தால் ஓடுகிறது, சோக்கை விட்டால் நிற்கிறது என்றால் ஜெட் அடைப்பு. மெதுவான ஓட்டத்தில் மட்டும் நின்றால் பைலட் ஜெட். மெதுவாக நன்றாக ஓடி, கைப்பிடியைத் திருகியதும் மூச்சடைத்தால் மெயின் ஜெட்டோ ஃபில்டரோ. கடலில் செய்யக்கூடியது ஒன்றுதான்: கார்பரேட்டர் கிண்ணத்தின் அடியிலுள்ள வடிதிருகைத் திறந்து, கீழே துணி பிடித்து, குமிழை அழுத்திக் கொஞ்சம் பெட்ரோலை வடியவிடுங்கள். அடியில் தங்கிய தண்ணீரும் கசடும் வெளியே வந்துவிட்டால் அதோடு சரியாகிவிடுவது உண்டு.

முழுவதும் கழற்றுவது கரையில். வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் கழற்றுங்கள், ஜெட் மணலில் விழுந்தால் கிடைக்காது. மெதுவான ஓட்டத்துக்கான கலவையை அமைக்கும் பைலட் திருகைக் கழற்றுமுன் உள்பக்கமாக மெல்லத் திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள், திரும்ப அதே அளவு வைக்க வேண்டும். அழுத்தி இறுக்கினால் ஊசி முனை கெடும். ஜெட் துளையில் கம்பி விடாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும். கார்பரேட்டர் கிளீனர் அடித்து, காற்று விட்டு, பிடிவாதமான அழுக்குக்கு மெல்லிய தங்கூசி (நைலான்) நரம்பை விட்டுப் பாருங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். மிதவையைக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் ஆடினால் ஓட்டை. திரும்ப மாட்டும்போது கிண்ணத்துக்குப் புது கேஸ்கட்.

பட்டென்று நின்றால்: தீப்பொறி

இரண்டு பிளக்கையும் 21 மி.மீ. பிளக் ஸ்பேனரால் கழற்றுங்கள். எது மேல் சிலிண்டர், எது கீழ் என்று மாறாமல் வையுங்கள், அவை சொல்லும் சேதி முக்கியம். ஈரமாகப் பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை, அல்லது அளவுக்கு மீறி இழுத்து நனைத்திருக்கிறீர்கள். காய்ந்திருந்தால் மேலே சொன்ன பெட்ரோல் வழிக்குத் திரும்புங்கள். தண்ணீர் முத்து முத்தாக நின்றால் டேங்கில் தண்ணீர், அல்லது ஹெட் கேஸ்கட் போய்விட்டது. கறுத்து எண்ணெய் பிசுபிசுத்தால் எண்ணெய் அதிகம். வெள்ளையாக வெந்தோ, சின்னச் சின்ன வெள்ளித் துகள் ஒட்டியோ இருந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கியிருக்கிறது. அதற்குமேல் கயிறு இழுக்காதீர்கள்.

பொறி பார்க்க, பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் உலோகப் பகுதி எஞ்சினின் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுந்தத் தொடும்படி வைத்து, கயிறு இழுக்க வேண்டும். பிளக் துளைகளிலிருந்து பெட்ரோல் புகை வரும். அந்தத் துளைகளைத் துணியால் மூடி, பிளக்கை அவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். பிளக்கைக் கையால் பிடிக்கக் கூடாது, பிளக்குக்குப் பொறி அனுப்பும் சிடிஐ பெட்டியின் மின்சாரம் ஆளைத் தூக்கி எறியும். நீலமாகச் சொடுக்கினால் நல்லது. மங்கிய மஞ்சள் பொறி அழுத்தத்துக்கு உள்ளே நிற்காது.

ஒரு பிளக்கில் மட்டும் இல்லை என்றால் புது பிளக் போட்டுப் பாருங்கள். பிறகு தொப்பி, ஒயர், காயில். இரண்டிலும் இல்லை என்றால் முதல் குற்றவாளி நிறுத்த ஸ்விட்ச். உப்பு ஏறி உள்ளே எப்போதும் எர்த் ஆகிக்கொண்டிருக்கும். ஸ்விட்சிலிருந்து சிடிஐ பெட்டிக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு இழுங்கள். பொறி வந்தால் ஸ்விட்ச்தான். அந்த ஒயர் இல்லாமல் கரைவரை வரலாம், ஆனால் பட்டன் வேலை செய்யாது, கிளிப்பும் காப்பாற்றாது. நிறுத்துவதற்கு சோக்கை முழுதாக இழுக்க வேண்டும். மெதுவாக, தனியாக இல்லாமல் வாருங்கள், வந்ததும் ஸ்விட்சை மாற்றுங்கள். அப்போதும் பொறி இல்லாவிட்டால் ஃப்ளைவீல் அடியிலுள்ள சார்ஜ் காயில், பல்சர் காயில், சிடிஐ பெட்டி. அதெல்லாம் மல்டிமீட்டரும் சர்வீஸ் புத்தகமும் வைத்திருக்கிறவர் வேலை. ஊகத்தில் சிடிஐ வாங்கிப் போடாதீர்கள், மின்சாரப் பொருளைக் கடையில் திருப்பி வாங்க மாட்டார்கள்.

பிளக் வாங்கும்போது பழையதன்மேல் எழுதியிருக்கும் எண்ணை முழுவதும் சொல்லுங்கள். எண்ணின் கடைசியில் 10 என்றிருந்தால் இடைவெளி 1.0 மி.மீ. புது பிளக்கை விரலால் முழுதும் திருகி உட்கார்ந்த பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று போதும். எஞ்சினின் தலை (சிலிண்டர் ஹெட்) அலுமினியம், மரை போனால் பெரிய செலவு.

சூடாகி இறுகினால்: தண்ணீர் வழி

வடசென்னைக் கடலில் எஞ்சினைக் கொல்வதில் இதற்குத்தான் முதல் இடம் கொடுக்க வேண்டும். எஞ்சினின் பின்பக்கம் மெல்லிய தாரையாகத் தண்ணீர் பீச்சிக்கொண்டே இருக்க வேண்டும். கிளப்பியவுடன் திரும்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும், பிறகும் அடிக்கடி பாருங்கள். தாரை நின்றால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். கரை தெரிகிறது, போய்விடலாம் என்று ஓட்டுகிற அந்த ஐந்து நிமிடத்தில்தான் பிஸ்டன் பிடிக்கிறது.

நிறுத்தி, எஞ்சினைத் தூக்கி, தண்ணீர் உறிஞ்சும் சல்லடையைப் பாருங்கள். துறைமுக வாயிலிலும் முகத்துவாரத்திலும் மிதக்கும் பிளாஸ்டிக் பை அதில் ஒட்டியிருக்கும். அது இல்லையென்றால் பீச்சும் துளையில் ஒரு துண்டு தங்கூசியை விட்டு ஆட்டுங்கள், மணலோ உப்போ அடைத்திருக்கலாம். துளை மட்டும் அடைத்திருந்தால் எஞ்சின் சூடாகியிருக்காது. தலையில் கை வைக்கவே முடியாத சூடு என்றால் உள்ளே இம்பெல்லர் போயிருக்கிறது.

இம்பெல்லர் என்பது நீருக்கடியில் உள்ள பகுதியில் சுழலும் ரப்பர் சக்கரம். எண்ணூர் முகத்துவாரத்தில் மணல் திட்டோடு அனல்மின் நிலையச் சாம்பல் சேறும் கலந்திருப்பதால் அதன் இதழ்கள் அரத்தில் தேய்த்தாற்போல் தேயும். வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது பொது வழக்கம். கொசஸ்தலை ஆற்று வாய்க்குள் போய் வருகிறவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவதே நல்லது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அவை பழுது பார்த்துக்கொள்ளும். ஃபைபர் போட் அந்த 61 நாளும் ஓடுவதால், இந்த வேலைக்கு நாமாகத்தான் ஒரு நாள் ஒதுக்க வேண்டும்.

மாற்றும் முறை:

1. பிளக் ஒயர்களைக் கழற்றிவிடுங்கள். கியர் எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, கியர் கம்பி இணைப்பைப் பிரியுங்கள்.
2. கீழ்ப்பகுதியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். உப்பில் இறுகிய போல்ட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் தலை முறியும்.
3. கீழ்ப்பகுதியை நேராகக் கீழே இறக்குங்கள். பம்ப் கூட்டைத் திறந்து பழைய இம்பெல்லரை எடுத்து இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் அந்தத் துண்டு மேலே தண்ணீர் வழியில் எங்கோ கிடக்கிறது. அதைத் தேடி எடுக்காமல் மூடினால் புது இம்பெல்லரும் உதவாது.
4. அடித்தட்டில் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். இம்பெல்லரைத் தண்டோடு பூட்டும் சின்ன உலோகச் சாவியை (கீ) தவறவிடாதீர்கள்.
5. புது இம்பெல்லருக்குச் சோப்புத் தண்ணீர் தடவி, தண்டை மேலிருந்து பார்க்கையில் கடிகார முள் திசையில் சுழற்றியபடியே கூட்டை இறக்குங்கள். இதழ்கள் எல்லாம் ஒரே பக்கம் மடிய வேண்டும்.
6. போல்ட் மரைகளில் கடல்நீர் தாங்கும் கிரீஸ் தடவி இறுக்குங்கள். கியர் முன், பின், நியூட்ரல் மூன்றும் விழுகிறதா என்று பார்த்த பிறகே மூடுங்கள்.

இம்பெல்லர் புதிது, இன்னும் சூடாகிறது என்றால் சூட்டுக்கேற்பத் தண்ணீர் வழியைத் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட். வெந்நீரில் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 50 டிகிரியில் திறக்கத் தொடங்க வேண்டும். உப்புக் கட்டி மூடியபடியே நின்றால் மாற்றுங்கள்.

இறுகி நின்ற எஞ்சினைச் சூடோடு இழுக்காதீர்கள். அரை மணி நேரமாவது ஆறவிட்டு, பிளக் துளைகளில் டூ ஸ்ட்ரோக் எண்ணெய் 10 மி.லி. விட்டு, ஃப்ளைவீலைக் கையால் மெல்ல ஆட்டுங்கள். சுழல ஆரம்பித்தால் கரைக்கு வந்து கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) பாருங்கள்: இரண்டு பிளக்கும் கழற்றி, துளையில் கம்ப்ரஷன் மீட்டரை மாட்டி, ஒயர்களை எர்த் செய்து, கைப்பிடியை முழுதும் திறந்து, ஐந்தாறு முறை இழுக்க வேண்டும். அளவைவிட வித்தியாசம் முக்கியம். இரண்டு சிலிண்டரிலும் 110, 105 பி.எஸ்.ஐ. என்று வந்தால் கவலையில்லை. 110, 80 என்று வந்தால் ரிங்கோ பிஸ்டனோ ஹெட் கேஸ்கட்டோ போயிருக்கிறது.

தினமும் கரை வந்ததும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டுவது எஞ்சினுக்கு இரட்டை ஆயுள். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு டிரம்மில் இறக்கி, புரொப்பல்லர் இடத்துக்கு மேலுள்ள தட்டு மூழ்கும்வரை நிரப்பி, நியூட்ரலில் மெதுவாக ஓட்டுங்கள். கடலோரக் குப்பங்களில் போர் தண்ணீரே உப்பு கரிக்கும். வாயில் வைத்துப் பாருங்கள், கரித்தால் அது கழுவல் ஆகாது. மெட்ரோ தண்ணீரோ மழைத் தண்ணீரோ வேண்டும். தண்ணீரில்லாமல் கிளப்பிப் பார்ப்பது கூடவே கூடாது, சில விநாடிகளில் இம்பெல்லர் கருகும்.

எஞ்சின் ஓடி, போட் நகராவிட்டால்

ஃபேன் என்று நாம் சொல்லும் புரொப்பல்லரில் வலை சுற்றியிருக்கும், அல்லது நடு ரப்பர் புஷ் வழுக்கும். சில மாடல்களில் அடிபட்டால் முறியும் ஷியர் பின் (pin) இருக்கும், அதுவும் காட்டர் பின் என்கிற பிளவுப் பின்னும் இரண்டிரண்டு கையிருப்பு வையுங்கள். எஞ்சினை நிறுத்தி, கிளிப்பைக் கழற்றிய பிறகே கையை வையுங்கள். சுற்றிய வலையை வெட்டி எடுத்ததோடு விடாமல் புரொப்பல்லரைக் கழற்றி உள்ளே பாருங்கள். தண்டோடு இறுகிய தங்கூசி சீலை அறுத்துவிடும். பிறகு தண்ணீர் கியருக்குள் போகும். கியர் எண்ணெய் பால்காப்பி நிறத்தில் வந்தால் அதுதான் அடையாளம், சீலை மாற்றாமல் எண்ணெய் மட்டும் மாற்றிப் பயனில்லை. 90 கிரேடு கியர் எண்ணெயைக் கீழ்த் துளை வழியாக, மேல்துளையில் குமிழி இல்லாமல் வழியும்வரை ஏற்ற வேண்டும்.

எஞ்சின் கடலில் மூழ்கினால்

நேரம்தான் எல்லாம். எடுத்தவுடன் மூடியைக் கழற்றி நல்ல தண்ணீரால் முழுதும் கழுவுங்கள். ஓடும்போது மூழ்கியிருந்தால் சிலிண்டரில் தண்ணீர் புகுந்து கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். பிளக்கைக் கழற்றி, ஃப்ளைவீலைக் கையால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். தடங்கினாலோ உரசினாலோ அங்கேயே நிறுத்துங்கள். நன்றாகச் சுழன்றால் பிளக் துளை கீழே பார்க்கும்படி சாய்த்து, கயிற்றை மெதுவாக இழுத்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். கார்பரேட்டரையும் ஓஸையும் வடித்து, சிலிண்டரில் எண்ணெய் விட்டு, புது பிளக், புதுப் பெட்ரோல் போட்டு அன்றைக்கே கிளப்பி அரை மணி நேரம் டிரம்மில் ஓட்டுங்கள். அன்றைக்கு முடியாது என்றால் காயவிடாதீர்கள். காற்றுப் பட்டதும் பேரிங் துருப்பிடிக்கத் தொடங்கும். மெக்கானிக் கைக்குப் போகும்வரை நல்ல தண்ணீர் டிரம்மில் முழுதும் மூழ்க வைத்திருங்கள்.